கொழும்பில் தமிழ்ப் படங்களின் இரண்டாவது வாரம் எங்கே போனது?

ஓடிசி வரிசை:

'கூலி' 2025 ஓகஸ்ட் 14ஆம் திகதி தியேட்டருக்கு வந்தது. செப்டெம்பர் 11ஆம் திகதி அமேசன் பிரைமில் வந்துவிட்டது. நடுவில் நான்கே வாரம். ரஜினி படத்துக்கே இவ்வளவுதான் என்றால் மற்றப் படங்களின் கதியை யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே "ஓடிடி தியேட்டரைக் கொன்றுவிட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரிய படம் வந்தால் கொழும்பில் இன்னும் சனம் வருகிறது. வெள்ளவத்தை சவோய், தெஹிவளை கொன்கோர்ட், கொம்பனித்தெரு சிட்டி சென்டரில் ஸ்கோப், காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் பிவிஆரின் ஒன்பது திரைகள், எங்கே போனாலும் முதல் மூன்று நாள் நல்ல சீட் எடுப்பது கஷ்டம். அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், பாதி மண்டபம் காலி. அதற்கடுத்த வெள்ளி அந்தப் படம் காலை 10.30 காட்சிக்குத் தள்ளப்பட்டிருக்கும், அல்லது போஸ்டரையே எடுத்திருப்பார்கள். வேலைக்குப் போகிற மனிதர் காலை 10.30க்கு எப்படிப் படம் பார்ப்பது?

பெரிய நடிகர்களின் படங்கள் இதைத் தாங்கும். அவற்றுக்கு மூன்று நாளே போதும். அடிபடுவது, ஒருவர் பார்த்து இன்னொருவருக்குச் சொல்லி மெல்ல மெல்லப் பிடிக்கிற படங்கள். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மே 1ஆம் திகதி, சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் வந்தது. இருபதுகளில் இருக்கிற அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். நம் நாட்டில் பொருளாதாரம் விழுந்தபோது குடும்பத்தோடு படகேறி இராமேஸ்வரம் போய், சென்னையில் ஒரு குடியிருப்பில் தங்கள் பேச்சை மறைத்துக்கொண்டு வாழ்கிறவர்களின் கதை. தமிழ்நாட்டில் வாய்ப்பேச்சாலேயே அது பெரிய படமானது. எனக்குத் தெரிந்த பல குடும்பங்கள் "போகத்தான் வேணும்" என்று முடிவெடுத்தபோது இங்கே பின்னேரக் காட்சிகள் குறைந்துவிட்டிருந்தன. ஜூன் தொடக்கத்தில் ஓடிடியில் வந்ததும் வீட்டிலேயே பார்த்தார்கள். 2022இல் எரிவாயு வரிசையில் நின்ற, 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நாங்கள் அந்தப் படத்தை ஆளுக்கொரு அறையில் போனில் பார்த்து முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

'மெய்யழகன்' இன்னொன்று. 2024 செப்டெம்பரில் வந்தது. படம் நீளம் என்று முதல் வார இறுதியிலேயே பேச்சு எழுந்தது. சில நாளில் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். ஆறுதலாக இருந்து பார்க்க வேண்டிய படம் அது. ஓர் இரவு முழுக்க இரண்டு பேர் கதைக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ஒரு வாரம்கூடப் பொறுக்க ஆளில்லை.

என் கவலையைச் சொல்கிறேன். இந்த ஊரில் நானூறு ஐந்நூறு பேர் ஒன்றாக இருந்து தமிழில் சிரிக்கிற இடங்கள் எத்தனை இருக்கின்றன? ஆடிவேல், கோயில் திருவிழா, கலியாண வீடு. அதற்குப் பிறகு தியேட்டர்தான். பஸ்ஸிலும் அலுவலகத்திலும் குரலைத் தாழ்த்திக் கதைத்துப் பழகிய தலைமுறை எங்களுடையது. இருட்டான மண்டபத்தில் ஒரு வசனத்துக்கு எல்லோரும் சேர்ந்து சிரிக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எந்த டிவியும் தந்ததில்லை. அது வருடத்தில் நான்கைந்து பெரிய படங்களின் முதல் மூன்று நாளோடு முடிந்துவிடக்கூடாது.

நான் கேட்பது ஒன்றுதான். நன்றாக இருக்கிறது என்று பெயரெடுத்த ஒரு சின்னப் படத்துக்கு, இரண்டாவது வாரமும் ஒரேயொரு பின்னேரக் காட்சி. அதற்கு என்ன செய்யலாம்? சொல்லுங்கள்.


புறக்கோட்டை கணக்கர்:

அண்ணா, நீங்கள் சொல்வதில் உணர்ச்சி இருக்கிறது, விலை இல்லை. நான் விலையைச் சொல்கிறேன்.

மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். மோலில் இருக்கிற தியேட்டர் என்றால் ஆளுக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. சொகுசு சீட் என்றால் அதைவிடக் கூட. உள்ளே போனால் பொப்கோர்ன் வாங்காமல் பிள்ளைகளை வெளியே கொண்டுவர முடியாது, அதன் விலை டிக்கட்டோடு போட்டி போடுகிறது. பிறகு போக வர ஓட்டோ. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது, மாநகர சபையின் கேளிக்கை வரி வேறு. ஒரு படத்துக்குப் போய்வந்தால் எங்கள் வீட்டு மரக்கறிக் காசில் பெரிய துண்டு விழுகிறது. சம்பளம் 2022க்கு முன் இருந்ததிலிருந்து கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. சாமான் விலை எவ்வளவு ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் நான் வருடத்தில் இரண்டு படம்தான் தெரிவு செய்ய முடியும். அந்த இரண்டும் பிள்ளைகள் கேட்கிற படமாகத்தான் இருக்கும். அவர்கள் 'மெய்யழகன்' கேட்க மாட்டார்கள். இரண்டாவது வாரத்துக்குச் சனம் வரவேண்டும் என்றால் இரண்டாவது வாரத்தில் விலையைக் குறைக்கட்டும். முதல் நாளும் பதினோராம் நாளும் ஒரே விலை என்பது எந்தக் கடையிலும் இல்லாத வழக்கம். மூன்று நாள் கிடந்த கத்தரிக்காயை யாரும் அன்றைய விலைக்கு விற்பதில்லை.


தெஹிவளைச் சந்தி:

எல்லாத் தியேட்டரையும் மோல் கணக்கில் சேர்க்காதீர்கள். காலி வீதியில் பழைய தியேட்டர்கள் இன்னும் கட்டுப்படியாகும். 101 பஸ்ஸில் ஏறி வந்துவிடலாம். ஓட்டோக் காசும் மிச்சம்.


ரீல் பெட்டி:

நான் கொழும்பில் புரொஜெக்டர் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இரண்டாவது வாரம் ஏன் போனது என்பதற்கு உள்ளே இருந்து பார்த்த காரணம் ஒன்று சொல்கிறேன். இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

பிலிம் காலத்தில் ஒரு படத்துக்கு இங்கே வருகிற பிரதிகள் மிகக் குறைவு. ஒரு பிரதி செய்யப் பெரிய செலவு. அதனால் ஒரு தமிழ்ப் படம் கொழும்பில் ஓரிரண்டு தியேட்டரில்தான் ஓடும். சில சமயம் ஒரே பிரதியை இரண்டு தியேட்டர் பங்குபோடும். இங்கே இரண்டு ரீல் ஓடி முடிந்ததும் ஒரு பெடியன் அதைச் சைக்கிளில் வைத்து மற்றத் தியேட்டருக்கு மிதிப்பான். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கே சனம் கத்தும். அந்தத் தியேட்டரில் ஒரு காட்சிக்கு எத்தனை சீட்டோ அத்தனை பேர்தான் பார்க்க முடியும். மிச்சப் பேர் அடுத்த நாள், அடுத்த கிழமை என்று காத்திருந்து பார்த்தார்கள். படம் ஐம்பது நாள், நூறு நாள் ஓடியதற்குப் படத்தின் தரம் மட்டும் காரணமில்லை. சீட் போதாமல் இருந்ததும் காரணம்.

இப்போது படம் ஹார்ட் டிஸ்கில் வருகிறது. அதைத் திறக்க ஒரு டிஜிட்டல் சாவி வரும், கேடிஎம் என்போம். எந்தத் தியேட்டரின் எந்த இயந்திரம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எல்லாம் அந்தச் சாவியிலேயே இருக்கும். நேரம் முடிந்தால் படம் பெட்டிக்குள் இருந்தாலும் ஓடாது. முதல் காட்சி சில வேளை ஒரு மணித்தியாலம் பிந்துகிறதே, அநேகமாக மெஷின் பழுதாகியிருக்காது. காசுப் பேச்சு முடியாமல் சாவி வரவில்லை என்றே அர்த்தம்.

டிஜிட்டல் ஆனதும் பிரதிக்குப் பெரிய செலவில்லை. ஒரே நாளில் இருக்கிற எல்லாத் திரைக்கும் போடலாம். ஒரு நாளைக்கு ஒரு மண்டபத்தில் ஐந்து ஆறு காட்சி. இப்படிப் போட்டால் பார்க்க விரும்பிய சனம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் பார்த்து முடித்துவிடும். திங்கட்கிழமை யார் மிச்சம்? ஓடிடி வந்தது அதற்குப் பிறகு. வாரங்களை மூன்று நாளாகச் சுருக்கிய வேலையைத் தியேட்டர்களும் விநியோகஸ்தர்களும் அதற்கு முதலே தொடங்கிவிட்டார்கள்.

பங்குக் கணக்கையும் பாருங்கள். இந்தியாவில் ஹிந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ்காரர்களும் தயாரிப்பாளர்களும் 2009இல் ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். விநியோகஸ்தருக்கு முதல் வாரம் 50 வீதம், இரண்டாவது வாரம் 42.5, மூன்றாவது வாரம் 37.5, அதற்குப் பிறகு 30. ஊருக்கு ஊர் கணக்கு மாறும், ஆனால் போக்கு எங்கும் இதுதான். நாள் போகப் போகத் தியேட்டர்காரரின் பங்கு கூடும். ஆகவே பதினோராம் நாள் நீங்கள் எடுக்கிற டிக்கட்டால் தியேட்டருக்குத்தான் லாபம். புறக்கோட்டைத் தம்பி கேட்கிற விலைக்குறைப்புக்கு இடம் இருப்பது அங்கேதான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால் தரலாம்.


வத்தளை விசில்:

ஐயா, அருமையான விளக்கம், இந்தக் கேடிஎம் விசயம் எனக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் ஓடிசி அண்ணாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் முதல் காட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். எங்கள் வயதுக்காரருக்கு அதுதான் சினிமா. விடியவெள்ளன எழும்பி, ஹெந்தளையில் இருந்து நண்பர்கள் எல்லோரும் மோட்டார்சைக்கிளில் வந்து, கட்அவுட்டுக்கு மாலை போட்டு, பெயர் போடும்போதே தொண்டை கிழியக் கத்துவது. அந்த நேரம் பக்கத்தில் இருப்பவன் யாரென்று தெரியாது, ஆனாலும் தோளில் கை போடுவான். நீங்கள் சொன்னீர்களே, தமிழில் சேர்ந்து சிரிக்கிற இடம் என்று. எங்களுக்கு அது முதல் நாள்தான் கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமை பாதி காலியான மண்டபத்தில் யார் விசிலடிப்பது?

இன்னொன்று, வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் முழுக் கதையும் இன்ஸ்டாகிராமில் வந்துவிடுகிறது. கடைசியில் யார் வருகிறார், யார் சாகிறார், எல்லாம். இரண்டாவது வாரம் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

பழைய படத்துக்கும் நாங்கள் வருவோம். 'கில்லி' 2004இல் வந்தபோது நான் கைக்குழந்தை. 2024 ஏப்ரலில் திரும்ப வெளியிட்டபோது தமிழ்நாட்டில் எப்படிக் கொண்டாடினார்கள் என்று பார்த்தீர்கள்தானே? கதை எல்லோருக்கும் தெரியும், டிவியில் ஒவ்வொரு பண்டிகைக்கும் போட்ட படம். அப்படியும் சனம் வந்தது.


ஓடிசி வரிசை:

தம்பி, விசிலுக்கு நான் எதிரி இல்லை. விசில் இல்லாத ரஜினி படத்தை என்னாலும் பார்க்க முடியாது. எனக்குத் தாங்க முடியாதது போன் மட்டும்தான். நாயகன் வருகிற இடத்தில் முன்னால் இருக்கிற முப்பது பேரும் போனை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள். நான் காசு கொடுத்துப் பார்ப்பது முப்பது சின்னத் திரைகளை. வெள்ளிக்கிழமைக்குள் கதை இன்ஸ்டாகிராமில் வருகிறது என்கிறீர்களே, அது அங்கே போவது இந்தப் போன்களிலிருந்துதான். இந்தியாவில் 2023இல் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் படம் பிடித்தால் மூன்று வருடம் வரை சிறை என்று போட்டிருக்கிறார்கள். சட்டம் வந்து நிறுத்தும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் குழுவில் ஒருவர் "போனை வை மச்சான்" என்று சொன்னால் போதும். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

'கில்லி' பற்றி நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. கதை தெரிந்த பிறகும் சனம் வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு பதினோராம் நாளுக்கு ஏன் வரக்கூடாது?


கொட்டாஞ்சேனை அக்கா:

நீங்கள் ஆம்பிளைகள் விலையும் விசிலும் கதைக்கிறீர்கள். நான் நேரத்தைச் சொல்கிறேன்.

இப்போது வருகிற படங்கள் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட. பின்னேரம் 6.30, 7 மணிக் காட்சி என்றால் முடிய இரவு 10 மணி ஆகும். காலி வீதியில் அந்த நேரம் பஸ் குறைவு. வெள்ளவத்தையில் படம் பார்த்துவிட்டு நானும் தங்கச்சியும் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போகிற காசுக்கு இன்னொரு டிக்கட் எடுக்கலாம். காசு இருந்தாலும் அம்மா வாசலில் நின்றுகொண்டிருப்பா. ஆகவே எங்களுக்கு ஏற்ற காட்சி பின்னேரம் 2.30தான். அதுவும் சனி, ஞாயிறு. முதல் வார இறுதியில் அந்தக் காட்சிக்கு டிக்கட் கிடைக்காது. இரண்டாவது வார இறுதியில் படமே இருக்காது. எங்களைப் போன்ற பெண்கள் தியேட்டருக்கு வருவதில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நடந்து போய்ப் படம் பார்த்த காலம் எங்கள் பகுதிக்கும் இருந்தது. அம்மம்மா சொல்வா, சமைத்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாமிமாரோடு மெட்னிக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரமுதல் திரும்பிவிடுவார்களாம். கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி சாதாரணத் தியேட்டர் இல்லை. முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரி 21ஆம் திகதி அங்கேதான் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், தமிழர். படம்பிடித்தது மதுரையில். சிங்கள சினிமா பிறந்த இடம் தமிழர் நிறைந்த ஒரு தெரு என்பதை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, நானாக வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

தியேட்டர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது வாரம் தானாக இருக்கும். எல்லாவற்றையும் மோலுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகு, படம் பார்ப்பது ஒரு நாள் முழுக்கத் திட்டம் போட்டுப் போகிற பயணமாகிவிட்டது. பயணத்துக்குப் பெரிய படம்தான் வேணும் என்று சனம் நினைப்பதில் என்ன ஆச்சரியம்?


பாமன்கடை வாசகன்:

அக்கா கிங்ஸ்லி என்றதும் எனக்குக் கே. குணரத்தினம் ஞாபகம் வந்தது. சினிமாஸ் லிமிட்டெட்டின் உரிமையாளர், சிங்களப் படங்களின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவர். ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்டது. எத்தனையோ படங்களின் நெகட்டிவ்கள் அதோடு போயின, அதிலே சிங்களப் படங்கள்தான் கூட. அவருக்கு முன்னோடி சிற்றம்பலம் ஏ. கார்டினர், 1928இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கியவர். கொழும்பில் அவர் பெயரில் வீதியே இருக்கிறது. இந்த நாட்டுச் சினிமாவைக் கட்டியவர்களில் தமிழர் இத்தனை பேர் இருந்தும், எங்களுக்கென்று ஒரு தமிழ் சினிமா ஏன் நிற்கவில்லை என்பதுதான் என் நெடுநாள் கேள்வி. ஓடிசி அண்ணா கேட்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. இறக்குமதி அதன் கையில் போனது, தமிழ்நாட்டுப் படங்களின் வரத்துக் குறைந்தது. அந்த இடைவெளியில்தான் இங்கே படம் எடுத்தார்கள். 'குத்துவிளக்கு' 1972இல், கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜாவின் தயாரிப்பு. வி.பி. கணேசனின் 'புதிய காற்று' 1975இல். செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 'வாடைக்காற்று' 1978இல். தர்மசேன பத்திராஜ, சிங்களவர், யாழ்ப்பாணத்தில் வைத்துத் தமிழிலேயே 'பொன்மணி' எடுத்தார், 1977இல். இன்று அதை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் புகழ்கிறார்கள். வந்தபோது ஓடவில்லை. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, 1983 வந்தது, எல்லாம் நின்றுபோனது.

பிறகு நீண்ட இடைவெளி. அசோக ஹந்தகம 2012இல் 'இனி அவன்' எடுத்தார், தமிழ்ப் படம், கான் விழாக் காலத்தில் அங்கே காட்டப்பட்டது. 2018இல் கிங் இரத்தினத்தின் 'கோமாளி கிங்ஸ்' கொழும்பில் மட்டுமல்லாமல் நாடு முழுக்கத் தியேட்டர்களில் வந்தது. கொழும்புத் தமிழ் அப்படியே வாயில் வருகிற ஒரு படத்தைப் பெரிய திரையில் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் இப்போது நல்ல கமராவோடு நல்ல படம் எடுக்கிறார்கள். கொழும்புக்கு வந்தால் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு மண்டபத்தில் ஒரு விசேட காட்சி. அழைப்பிதழ், குத்துவிளக்கு, பேச்சு, பிறகு படம். அடுத்த நாள் அது இல்லை.

அண்ணா கேட்கிற இரண்டாவது வாரப் பின்னேரக் காட்சி இவர்களுக்கும் வேணும். தமிழ்நாட்டு நடுத்தரப் படத்துக்கே இடம் இல்லாத ஊரில் நம் பிள்ளைகளின் படத்துக்கு எங்கிருந்து இடம் வரும்? முதலாவது கதவு திறந்தால்தான் இரண்டாவது கதவைத் தட்டலாம்.


ஹட்டன் பிள்ளை:

கொழும்பில் வேலை, வெல்லம்பிட்டியில் வாடகை அறை. ஒரு சின்ன விசயம்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யை எல்லோரும் "நம்ம படம்" என்கிறீர்கள். எனக்கும் பிடித்த படம், இரண்டு இடத்தில் அழுதேன். ஆனால் தமிழ்நாட்டுப் படத்தில் இலங்கைத் தமிழர் என்று வந்தால் எப்போதும் வடக்குப் பேச்சும் வடக்குக் கதையும்தான். தோட்டத்தில் இருந்து வந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் கடைகளிலும் வீடுகளிலும் கார்மெண்டிலும் வேலை செய்கிறோம்! ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் நாங்கள் முதலில் போகிற இடங்களில் ஒன்று தியேட்டர். எங்கள் அப்பா அம்மா பேசுகிற மாதிரி ஒருவர் திரையில் பேசி நான் பார்த்ததே குறைவு. வி.பி. கணேசனைச் சொன்னீர்கள், அவர் மலையகத் தொழிற்சங்கத்தில் இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்ளூர்ப் படம் பற்றிப் பேசினால் மலையகத்தையும் சேர்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


பாமன்கடை வாசகன்:

முழுக்கச் சரி தம்பி. அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய இடம்தான்.


நுகேகொடை நித்திலா:

என் அலுவலகத்தில் சிங்கள நண்பிகள் நான்கைந்து பேர் தமிழ்ப் படத்துக்கு என்னோடு வருவார்கள். ஆங்கில சப்டைட்டில் இருப்பதால் கதை விளங்குகிறது, பாட்டுகள் எனக்கு முன்பே அவர்களுக்குப் பாடம். ஆனால் அவர்கள் முதல் நாள் கூட்டத்துக்குள் வர மாட்டார்கள். "சத்தத்தில் ஒன்றும் விளங்காது, அடுத்த கிழமை போவோம்" என்பார்கள். அடுத்த கிழமை போனால் படம் இல்லை. இரண்டாவது வாரத்துக்கு ஒரு சனம் இருக்கிறது, அவர்கள் எல்லோரும் தமிழர் இல்லை. தியேட்டர்காரர்களுக்கு இது தெரியுமா?


புறக்கோட்டை கணக்கர்:

நித்திலா அக்கா சொன்னது முக்கியமான விசயம். ஐயா, நீங்கள் உள்ளே இருந்தவர். இரண்டாவது வாரம் படத்தை வைப்பதா எடுப்பதா என்று எப்போது, யார், எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்?


ரீல் பெட்டி:

வார இறுதிக் கூட்டத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை தம்பி. அது எல்லாப் படத்துக்கும் வரும். பார்ப்பது திங்கட்கிழமை வசூலை. வெள்ளிக்கிழமைக் கணக்கோடு திங்கட்கிழமையை வைத்துப் பார்ப்பார்கள். பாதிக்குக் கிட்ட நின்றால் படம் பிழைக்கும். அடியோடு விழுந்தால் முடிந்தது. செவ்வாய் அல்லது புதன் விநியோகஸ்தரும் தியேட்டரும் போனில் பேசி அடுத்த வெள்ளியின் காட்சி நேரங்களைப் போட்டுவிடுவார்கள். வியாழக்கிழமை நீங்கள் முகப்புத்தகத்தில் "ஏன் எடுத்தீர்கள்" என்று எழுதுவது அவர்களுக்குப் பிந்தி வருகிற கடிதம்.

ஆகவே ஒரு சின்னப் படத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் திங்கள், செவ்வாய் பின்னேரக் காட்சிக்குப் போங்கள். முப்பது நாற்பது பேர் கூடினாலே கணக்கில் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு வேறு யாரும் வருவதில்லை. இன்னொன்று, கூட்டமாக வருவதென்றால் முதல் நாளே மானேஜரிடம் போனில் சொல்லுங்கள். நாற்பது பேர் ஒன்றாக வருகிறோம், விலையில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் குறைத்துக் கொடுத்து நான் பார்த்திருக்கிறேன். கொட்டாஞ்சேனைப் பிள்ளை சொன்ன நேரப் பிரச்சினைக்கும் அதுதான் வழி. ஆள் உறுதி என்றால் ஞாயிறு 2.30 காட்சியைச் சின்னப் படத்துக்கு மாற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆள் உறுதி இல்லாமல் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.


ஓடிசி வரிசை:

ஐயா, நான் தேடியது இதைத்தான். மிக்க நன்றி.

அடுத்ததாக வருகிற ஒரு சின்னப் படத்தை நாங்களே தெரிவு செய்வோம். எது என்று வெளியாகிற வாரத்தில் இங்கேயே பேசி முடிவெடுக்கலாம். சனி, ஞாயிறு பார்த்தவர்கள் நேர்மையாக எழுதுங்கள், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று. நன்றாக இருந்தால் செவ்வாய் பின்னேரம் வெள்ளவத்தை அல்லது தெஹிவளை. கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிறவர்கள் சேர்ந்து ஒரு வானைப் பங்குபோட முடியுமா என்று நான் பார்க்கிறேன், அக்காவும் தங்கச்சியும் தனியாகத் திரும்பத் தேவையில்லை. நித்திலா, உங்கள் நண்பிகளையும் கூட்டி வாருங்கள். மானேஜரோடு கதைக்கிற பொறுப்பு என்னுடையது.


கொட்டாஞ்சேனை அக்கா:

வான் என்றால் நாங்கள் நான்கு பேர். பக்கத்து வீட்டு மாமியும் வருவா. ஆனால் ஞாயிறு 2.30 கேட்டுப் பாருங்கள் முதலில்.


வத்தளை விசில்:

செவ்வாய் எனக்கு வகுப்பு ஐந்து மணிக்கு முடியும், 6.30க்கு வந்துவிடுவேன். நண்பர்கள் ஆறேழு பேரைக் கொண்டுவர முடியும். சின்னப் படத்துக்கு விசிலடித்தால் கோபிக்க மாட்டீர்கள்தானே அண்ணா?


ஓடிசி வரிசை:

அடியுங்கள் தம்பி. போன் மட்டும் சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.